பிஸிக்ஸ் படிக்கிறவங்களுக்கான நினைவுப் பரிசும் உதவித்தொகையும்: தேடுறதுல இருந்து கையில வாங்குற வரைக்கும்

பிஸிக்ஸ் டிபார்ட்மென்ட்ல சேர்ற பசங்க ஸ்காலர்ஷிப்னு சொன்னா உடனே கவர்மென்ட் கொடுக்குறதைத்தான் நினைப்பாங்க, இல்லன்னா அதெல்லாம் யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்குன்னு விட்டுடுவாங்க. இதுக்கு நடுவுல யாரும் கண்டுக்காத ஒரு வகை இருக்கு. ஒரு வாத்தியார் காலமானதும் அவர்கிட்ட படிச்சவங்க காசு சேத்து வச்ச பரிசு, சின்ன வயசுல போயிட்ட மகன் பேர்ல அப்பா அம்மா வச்ச அறக்கட்டளை, ஒரு பெரிய விஞ்ஞானி பேர்ல நடக்குற ஆராய்ச்சி உதவித்தொகை, இப்படி. இதுல பல பரிசுக்கு ரெண்டு மூணு பேர்தான் விண்ணப்பம் போடுறாங்க, சில பரிசுக்கு ஒருத்தரும் போடாம அந்த வருஷம் அப்படியே போயிடுது. ஒருத்தரோட பேரு நிலைக்கணும்னு குடும்பம் சேமிப்பை எடுத்துக் கொடுத்த பணம் பேங்க்ல தூங்குது, அதே பில்டிங்ல ஒரு பொண்ணு எக்ஸாம் ஃபீஸ் கட்ட முடியாம நிக்குது, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். அதனால எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் வரிசையா எழுதிடுறேன், பி.எஸ்சி. முதல் வருஷத்துல இருந்து எம்.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் யாருக்கும் உதவும்.

முதல்ல இந்தப் பணம் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்கோங்க

நம்ம ஊர் காலேஜ்கள்ல இதுக்கு எண்டோமென்ட்னு பேரு, தமிழ்ல அறக்கட்டளைப் பரிசுன்னு போடுவாங்க. ஒருத்தர் ஒரு தொகையை மொத்தமா காலேஜ்கிட்டயோ யூனிவர்சிட்டிகிட்டயோ கொடுப்பாரு, அவங்க அதை டெபாசிட்ல போடுவாங்க, முதலைத் தொடாம வருஷா வருஷம் வர்ற வட்டியில பரிசு கொடுப்பாங்க. 1 லட்சம் போட்டு 7 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 7,000 ரூபா வரும். அந்தக் காலத்துல 5,000 ரூபா போட்டு வச்ச பரிசுக்கு அதே வட்டியில இன்னிக்கு 350 ரூபாதான் வரும். தொகை சின்னதா இருக்குன்னு அதை ஒதுக்காதீங்க, ஏன்னா எம்.எஸ்சி. அட்மிஷன், பிஎச்.டி. இன்டர்வியூன்னு போறப்போ யாரும் எத்தனை ரூபா வாங்கினீங்கன்னு கேக்கப் போறதில்ல, என்ன பரிசு, எதுக்காகக் கொடுத்தாங்கன்னுதான் பாப்பாங்க.

பணம் கொடுக்குறப்பவே யாருக்குக் கொடுக்கணும்னு ஒரு பத்திரம் எழுதிடுவாங்க. காலேஜ் நினைச்சாலும் அதை லேசுல மாத்த முடியாது. நீங்க படிக்க வேண்டியது அந்தப் பத்திரத்துல இருக்குற நிபந்தனையைத்தான்.

படி 1: லிஸ்ட்டை கையில எடுங்க

நெட்ல தேடுறதுக்கு முன்னாடி உங்க காலேஜ் கேலண்டரை எடுங்க. வருஷ ஆரம்பத்துல கொடுப்பாங்களே, லீவு நாள், லைப்ரரி ரூல்ஸ் எல்லாம் போட்ட அந்தப் புத்தகம்தான். பழைய காலேஜா இருந்தா அதோட பின்பக்கத்துல எண்டோமென்ட் பரிசுகள்னு ஒரு பட்டியலே இருக்கும், அதை யாரும் திருப்பிப் பாக்குறதே இல்ல. அடுத்தது யூனிவர்சிட்டியோட பட்டமளிப்பு விழா புத்தகம், அதுல எந்தத் தங்கப் பதக்கம் யார் பேர்ல எந்தப் பாடத்துக்குன்னு அச்சடிச்சிருப்பாங்க. போன ரெண்டு மூணு வருஷத்து பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல் டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல கெடைச்சா அதையும் கேளுங்க, எந்தப் பரிசு இன்னும் நடப்புல இருக்கு, எது நின்னு போச்சுன்னு அதுல தெரிஞ்சிடும்.

ஆபீஸ்ல போய் "சார், ஏதாவது ஸ்காலர்ஷிப் இருக்கா"ன்னு பொதுவா கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், அவங்களுக்கும் ஆயிரம் வேலை. "சார், கேலண்டர்ல 84வது பக்கத்துல போட்டிருக்குற இந்த நினைவுப் பரிசுக்கு இந்த வருஷம் அப்ளிகேஷன் எப்போ, இல்ல மார்க் லிஸ்ட் வச்சு நீங்களே கொடுத்துடுவீங்களா"ன்னு கேளுங்க. பக்கத்தைக் காட்டிக் கேட்டா ஃபைலை எடுத்துப் பாத்துதான் ஆகணும்.

படி 2: நிபந்தனையை வார்த்தை வார்த்தையா படிங்க

நினைவுப் பரிசு வரி ஒண்ணு பொதுவா இந்த மாதிரி இருக்கும்: "பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டில், ஒளியியல் தாளில், முதல் முயற்சியிலேயே அதிக மதிப்பெண் பெறும் மாணவிக்கு வழங்கப்படும்."

இந்த ஒரே வரியில நாலு விஷயம் இருக்கு பாருங்க. மொத்த மார்க் கணக்கே இல்ல, ஒரே ஒரு பேப்பர்தான். அப்போ மேத்ஸ் அலைடுல மார்க் கம்மியானவங்களுக்கும் இது கெடைக்கும். முதல் முயற்சின்னா அந்தப் பேப்பர்ல அரியர் வச்சிருக்கக் கூடாது, சில பத்திரத்துல எந்தப் பேப்பர்லயும் அரியர் இருக்கக் கூடாதுன்னு எழுதியிருப்பாங்க, ரெண்டும் வேற வேற. இறுதியாண்டுன்னு போட்டிருக்கறதால ரெண்டாம் வருஷத்துலயே அந்தப் பேப்பரை எழுதிட்டவங்களைச் சேப்பாங்களான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கடைசியா மாணவிக்கு மட்டும், அதனால போட்டி பாதியா குறையுது. இப்படியே "அரசுப் பள்ளியில் படித்தவர்", "இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்", "பெற்றோரில் ஒருவரை இழந்தவர்", "செய்முறைத் தேர்வில் முதலிடம்" அப்படின்னு விதவிதமா வரும். நிபந்தனை எவ்வளவு குறுகலா இருக்கோ அவ்வளவுக்கு உங்க வாய்ப்பு கூடும், இந்த வகைப் பரிசுல நான் ரொம்ப நம்புற விஷயம் இதுதான். எல்லாருக்கும் திறந்திருக்குற ஸ்காலர்ஷிப்புக்கு லட்சம் பேர் போட்டி, ஒரு தாலுகாவுல பிறந்து பிஸிக்ஸ் எடுத்த பொண்ணுக்குன்னு இருக்குற பரிசுக்கு அந்த வருஷம் நீங்க ஒருத்தர் மட்டும்தான் தகுதியா இருப்பீங்க.

மார்க்கை வச்சு தானா கொடுக்குற பரிசா இருந்தாலும் சும்மா இருக்காதீங்க. ரீவேல்யுவேஷன்ல மார்க் கூடியிருந்தா அந்தப் புது மார்க் ஷீட்டோட ஒரு காப்பியை டிபார்ட்மென்ட்லயும் சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) ஆபீஸ்லயும் கொடுத்து வைங்க, லிஸ்ட் பழைய மார்க்ல தயாராயிட்டா அப்புறம் மாத்துறது கஷ்டம்.

படி 3: பேப்பர்களை சீசனுக்கு முன்னாடியே ரெடி பண்ணுங்க

நிறைய பேர் தோக்குறது மார்க்கால கெடையாது, இந்த இடத்துலதான்.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்துல போடணும், தாசில்தார் ஆபீஸ் வழியா வரும், நாளாகும். தேதி பழசாயிட்டா ஏத்துக்க மாட்டாங்க, அதனால ஜூன், ஜூலையிலயே புதுசா வாங்கிடுங்க. சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ், காலேஜ்ல போனஃபைடு, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. பத்தாவது மார்க் ஷீட்ல "முருகன் எஸ்", ஆதார்ல "எஸ் முருகன்", பேங்க் பாஸ்புக்ல "முருகன் செல்வராஜ்" அப்படின்னு மூணு விதமா இருந்தா கம்ப்யூட்டர் மூணு பேரா எடுத்துக்கும், விண்ணப்பம் அங்கயே நிக்கும். பத்தாவது மார்க் ஷீட்டுல எப்படி இருக்கோ அதே மாதிரி ஆதாரையும் பேங்க் கணக்கையும் மாத்திடுங்க. வெளிநாட்டு ஃபார்ம்ல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் வரும், பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வேணாம்.

மூணாவது பேங்க். கவர்மென்ட் பணம் இப்போ ஆதாரோட இணைஞ்சிருக்குற கணக்குக்குத்தான் போகும், இப்படி நேரடியா கணக்குல போடுறதுக்கு டிபிடின்னும், அதுக்காக ஒரு கணக்கை ஆதாரோட பதியிறதுக்கு சீடிங்னும் பேரு. நீங்க ஃபார்ம்ல எந்த அக்கவுன்ட் நம்பர் போட்டாலும், ஸ்கூல்ல படிக்கிறப்போ ஆரம்பிச்ச ஏதோ ஒரு பழைய கணக்குல ஆதார் இணைஞ்சிருந்தா பணம் அங்க போய் விழும், அந்தக் கணக்கு மூடிப்போயிருந்தா திரும்பிப் போயிடும். பேங்க்ல போய் "ஆதார் லிங்க் ஆயிருக்கா"ன்னு மட்டும் கேக்காம, "டிபிடி பணம் வர்றதுக்கு சீடிங் இந்தக் கணக்குல இருக்கா"ன்னு கேளுங்க.

படி 4: அடிப்படைப் பணத்தை முதல்ல உறுதி பண்ணுங்க

நினைவுப் பரிசு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பணம். மாசச் செலவுக்கு வேற ஏற்பாடு வேணும்.

தமிழ்நாட்டுல அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா, புதுமைப் பெண் திட்டம். தேவதாசி முறைக்கு எதிரா வாழ்க்கை முழுக்கப் போராடின மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 2022 செப்டம்பர்ல தொடங்கினாங்க, அதுவும் ஒரு நினைவு உதவித்தொகைதான், ரொம்பப் பொருத்தமான பேரும் கூட. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுவும் மாசம் 1,000. ரெண்டுக்கும் காலேஜ்லயே நோடல் ஆபீஸர் இருப்பாங்க.

மத்திய அரசுல, தேசிய உதவித்தொகை போர்ட்டல் வழியா, பிளஸ் டூவுல போர்டு அளவுல மேல இருக்குற 20 சதவீதத்துக்குள்ள வந்து குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்குறவங்களுக்கு டிகிரி மூணு வருஷமும் வருஷத்துக்கு 12,000, பி.ஜி.யில 20,000 கெடைக்கும். அதை விடப் பெருசு இன்ஸ்பயர். பிளஸ் டூவுல உங்க போர்டுல முதல் 1 சதவீதத்துல வந்து பிஸிக்ஸ் மாதிரி அடிப்படை அறிவியல் எடுத்தவங்களுக்கு வருஷத்துக்கு 80,000 ரூபான்னு வச்ச திட்டம் இது. அதுல 60,000 தான் நேரடியா வரும், மீதி 20,000 கோடை லீவுல ஒரு ஆராய்ச்சியாளர் கீழ ப்ராஜெக்ட் செஞ்சு ரிப்போர்ட் கொடுத்தாத்தான். அந்த ரிப்போர்ட்டை விட்டுட்டு 20,000 இழக்குறவங்க இருக்காங்க, விட்டுடாதீங்க. இந்தத் திட்டங்களோட விதி அப்பப்போ மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாத்துட்டே போடுங்க.

இங்க முக்கியமான ஒண்ணு: பெரிய உதவித்தொகைங்க பலதும் ஒரே நேரத்துல ரெண்டு வாங்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கும். ஆனா ஒரு தடவை கொடுக்குற பரிசும் பதக்கமும் உதவித்தொகை கணக்குல பொதுவா வராது. சந்தேகம்னா எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்கி வைங்க.

படி 5: விஞ்ஞானிங்க பேர்ல இருக்குற லேப் வாய்ப்புகள்

என்னைக் கேட்டா பிஸிக்ஸ் மாணவருக்கு இதுதான் எல்லாத்துலயும் உசத்தி, ஏன்னா பணத்தோட ஒரு உண்மையான லேபும் ஒரு வழிகாட்டியும் சேந்து கெடைக்குது.

பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்குற மூணு அறிவியல் அகாடமியும் சேந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்குறாங்க. ரெண்டு மாசம், உதவித்தொகையும் ரயில் சார்ஜும் தருவாங்க, நாட்டுல எங்க வேணா ஒரு விஞ்ஞானிகிட்ட அனுப்புவாங்க. விண்ணப்பம் வழக்கமா நவம்பர் கடைசிக்குள்ள முடிஞ்சிடும், மே மாச வேலைக்கு நவம்பர்லயே போடணும்னு நிறைய பேருக்குத் தெரியாம பிப்ரவரியில தேட ஆரம்பிக்கிறாங்க. மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), புனே ஐயூகா (வானியல் ஆராய்ச்சி மையம்), பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையம் எல்லாத்துலயும் தனித்தனியா கோடை நிகழ்ச்சி உண்டு. ராமன் 1948ல பெங்களூர்ல ஆரம்பிச்ச ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துலயும் மாணவர்களை எடுத்துக்குறாங்க. ஹோமி பாபா பேர்ல மும்பையில இருக்குற அறிவியல் கல்வி மையம் நியஸ்னு ஒரு திட்டம் நடத்துது, அது பி.எஸ்சி. மாணவங்களுக்குன்னே இருக்குறது, பரிசோதனைப் பக்கம் ஆர்வம் இருந்தா கண்டிப்பா பாருங்க.

ஊரை விட்டு ரொம்ப தூரம் அனுப்ப மாட்டோம்னு வீட்ல சொல்றாங்களா? சென்னை தரமணியில கணித அறிவியல் நிறுவனம் இருக்கு. கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல எம்.எஸ்சி. மாணவங்களுக்கு ஸ்டிபாக்னு கோடைப் பயிற்சி நடத்துறாங்க. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல ஆரம்பிச்சது, அதை நடத்துற இந்திய வானியற்பியல் நிறுவனமும் கோடைப் பள்ளி வைக்குது.

சத்யேந்திரநாத் போஸ் பேர்ல எஸ்.என். போஸ் ஸ்காலர்ஸ் திட்டம்னு ஒண்ணு இந்தியாவுல படிக்கிற மாணவங்களை அமெரிக்கப் பல்கலைக்கழக லேபுக்கு அனுப்ப 2013ல ஆரம்பிச்சாங்க. போட்டி அதிகம். அந்த வருஷத்துக்கு அறிவிப்பு வந்திருக்கான்னு செப்டம்பர்ல இருந்தே கவனிங்க.

படி 6: பரீட்சை எழுதி வாங்குற பதக்கம்

இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் 1984ல பேராசிரியர் கண்டேல்வால் முயற்சியில ஆரம்பிச்சது. அவங்க பி.எஸ்சி. மாணவங்களுக்குன்னு என்ஜிபிஇன்னு தேசிய அளவுல ஒரு பரீட்சை நடத்துறாங்க, மேல வர்றவங்களைக் கூப்பிட்டு லேப் தேர்வும் வச்சு தங்கப் பதக்கம் கொடுப்பாங்க. பரிசுக்காக மட்டும் இதைச் சொல்லல, இதோட பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பாத்தாலே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு நல்ல பயிற்சி ஆயிடும். உங்க காலேஜ் சென்டரா இல்லன்னா ஹெச்.ஓ.டி. கிட்ட பேசி பக்கத்துல எது சென்டர்னு பாருங்க, மாணவங்களா சேந்து கேட்டா சில காலேஜ் தாங்களே சென்டர் ஆகிடுவாங்க.

படி 7: எழுதுற பக்கம்

விண்ணப்பத்துல "எனக்கு ஏன் இது வேணும்" அப்படின்னு ஒரு பக்கம் எழுதச் சொல்வாங்க. இங்கதான் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க, "சிறு வயது முதலே எனக்கு இயற்பியலில் ஆர்வம் உண்டு, அப்துல் கலாம் போல் ஆக வேண்டும்". இதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க கையால செஞ்ச ஒரு விஷயத்தை எழுதுங்க, சின்னதா இருந்தா போதும்.

உதாரணமா நியூட்டன் வளையம், லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்குற மெல்லிய இடைவெளியால வெளிச்சமும் கருப்புமா வளையம் தெரியிற சோதனை. எல்லா பி.எஸ்சி. லேப்லயும் உண்டு, சோடியம் விளக்கு, கண்ணாடித் தட்டு, ஒரு குவிலென்ஸ், டிராவலிங் மைக்ராஸ்கோப். கருப்பு வளையத்தோட ஆரத்தை வர்க்கம் பண்ணி வளைய எண்ணுக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரணும், அது பூஜ்யத்துல ஆரம்பிக்கணும்னு சூத்திரம் சொல்லுது. ஆனா லேப்ல வரையிற கோடு பல தடவை பூஜ்யம் வழியா போகாது. ஏன்னா லென்ஸும் தட்டும் தொடுற இடத்துல ஒரு தூசி இருந்தாலும், லென்ஸ் லேசா அழுந்தி இருந்தாலும் நடுவுல இருக்குற இடைவெளி பூஜ்யமா இருக்காது, மொத்தக் கோடும் மேலயோ கீழயோ நகர்ந்துடும். சாய்வு மட்டும் மாறாது. அதனாலதான் ரெக்கார்டு நோட்டுல ரெண்டு வளையத்தோட விட்ட வர்க்கத்தைக் கழிச்சுக் கணக்குப் போடச் சொல்றாங்க, கழிக்கிறப்போ அந்த நகர்வு தானா அடிபட்டுடும்.

"மூணு பேர் கிராஃப் பூஜ்யத்துல ஆரம்பிக்கல, ஏன்னு யோசிச்சேன், லென்ஸைத் தொடச்சு மறுபடியும் எடுத்தேன், கோடு நகர்ந்துச்சு ஆனா சாய்வு கிட்டத்தட்ட அதேதான், அலைநீளம் 589 நானோமீட்டர் பக்கத்துல வந்துச்சு" அப்படின்னு அஞ்சு வரி எழுதினீங்கன்னா தேர்வுக் குழுவுல உக்காந்திருக்குற பிஸிக்ஸ் வாத்தியார் நிமிர்ந்து உக்காருவாரு. இந்தப் புள்ளை ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடிக்கலன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கு வேற சோதனை இருக்கும், வேற கேள்வி இருக்கும், நீங்க உண்மையிலயே யோசிச்சதை எழுதுங்க.

நினைவுப் பரிசா இருந்தா அது யார் பேர்ல இருக்கோ அவரைப் பத்திப் படிங்க. எந்தத் துறையில வேலை செஞ்சாரு, எந்தக் காலேஜ்ல பாடம் எடுத்தாரு, எந்த மாதிரி மாணவங்களுக்கு உதவினாரு. உங்க வேலைக்கும் அவர் வேலைக்கும் உண்மையான தொடர்பு இருந்தா ஒரு வரி எழுதுங்க, இல்லன்னா இழுத்துப் பிடிச்சுச் சேக்க வேணாம். குழுவுல அவங்க வீட்டு ஆளுங்களோ, அவர்கிட்ட படிச்சவங்களோ இருப்பாங்க, பொய்யான புகழ்ச்சி அவங்களைத்தான் முதல்ல வலிக்கும்.

பணக் கஷ்டத்தை எழுதணும்னா கூச்சப்படாம நேரா எழுதுங்க. அப்பா என்ன வேலை, மாசம் எவ்வளவு வருது, வீட்ல எத்தனை பேர் படிக்கிறாங்க, இந்தப் பணம் வந்தா எந்த ஃபீஸுக்குப் போகும். கண்ணீர் வர்ற மாதிரி எழுதணும்னு அவசியமே இல்ல, கணக்கு தெளிவா இருந்தா போதும்.

படி 8: சிபாரிசுக் கடிதம்

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஸ்டாஃப் ரூம் வாசல்ல போய் நிக்காதீங்க, மூணு வாரம் முன்னாடியே கேளுங்க. "மேம், உங்ககிட்ட எலக்ட்ரானிக்ஸ் லேப் படிச்சேன், இந்தக் கோடை உதவித்தொகைக்கு என்னைப் பத்தி நீங்க நல்லா எழுத முடியுமா"ன்னு கேட்டா, முடியாதுன்னு நினைக்கிறவங்க அப்பவே சொல்லிடுவாங்க, அதுவும் உங்களுக்கு நல்லதுதான். ஒத்துக்கிட்டாங்கன்னா ஒரு பக்கத்துல உங்க மார்க், செஞ்ச ப்ராஜெக்ட், அவங்க கிளாஸ்ல நீங்க கேட்ட கேள்வி, கடைசித் தேதி, எங்க அனுப்பணும் எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க. நீயே லெட்டர் எழுதிக் கொண்டு வா, கையெழுத்து போடுறேன்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. அப்படிச் சொன்னா மரியாதையா, "சார், பாயின்ட்ஸ் எழுதித் தர்றேன், நீங்க உங்க வார்த்தையில போட்டுத் தந்தா நல்லா இருக்கும்"னு கேளுங்க. பேரு பெருசா இருக்குற பிரின்சிபாலை விட, உங்களை லேப்ல பாத்த கெஸ்ட் லெக்சரர் எழுதுறது பலமானது.

படி 9: வெளிநாடு போறவங்களுக்கு

இங்க ரெண்டு பழைய கதை சொல்லணும், ரெண்டும் நடந்ததுதான்.

சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சப்போ, 1928ல ஜெர்மனி விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தாரு. அவரைப் போய்ப் பாத்து, புது குவாண்டம் இயற்பியல் பத்திக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அடுத்த வருஷமே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி கேம்பிரிட்ஜ்ல இருந்த ஃபௌலருக்கு அனுப்பி, அது ராயல் சொசைட்டி இதழ்ல 1929ல வந்துச்சு. அப்போ அவர் இன்னும் காலேஜ் மாணவர்தான். கவர்மென்ட் ஸ்காலர்ஷிப் கெடைச்சு 1930ல 19 வயசுல கப்பல் ஏறினாரு. அந்தக் கப்பல்ல போட்ட கணக்குல ஆரம்பிச்ச வேலைக்கு 1983ல நோபல் பரிசு வந்துச்சு. ஸ்காலர்ஷிப் கொடுத்தவங்க கண்ணு முன்னாடி, அவர் ஏற்கெனவே செஞ்சு முடிச்ச ஒரு வேலை இருந்துச்சு, கவனிக்க வேண்டியது அதைத்தான். உங்களுக்கு ராயல் சொசைட்டி வேணாம், முடிச்ச ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருந்தா போதும்.

இன்னொருத்தர் ரூதர்ஃபோர்டு. 1851 லண்டன் பொருட்காட்சியில மிஞ்சின லாபத்துல வச்ச உதவித்தொகைக்கு நியூசிலாந்துல இருந்து போட்டாரு, முதல்ல அது மெக்லாரின்னு ஒரு வேதியியல்காரருக்குத்தான் போச்சு. அவர் வேணாம்னு சொன்னதால ரூதர்ஃபோர்டுக்கு வந்துச்சு, 1895ல கேம்பிரிட்ஜ் போனாரு, அணுக்கருவைக் கண்டுபிடிச்சது அதுக்கப்புறம். அதனால காத்திருப்புப் பட்டியல்ல பேர் வந்தா மனசு விட்டுட்டு ஃபோனை எடுக்காம இருக்காதீங்க, "எனக்கு இன்னும் விருப்பம் இருக்கு"ன்னு ஒரு மெயில் அனுப்பி வைங்க.

நம்ம நாட்டுல இருந்து வெளிநாட்டு மேற்படிப்புக்கு ஜே.என். டாடா எண்டோமென்ட் 1892ல இருந்து நடக்குது, ராஜா ராமண்ணா, ஜயந்த் நார்லிகர் எல்லாம் அதுல போனவங்கதான். ஆனா அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்டணும், வீட்ல பேசிட்டுப் போடுங்க. முழுச் செலவும் அவங்களே பாத்துக்குற மாதிரி வேணும்னா இத்தாலியில ட்ரியெஸ்டே நகரத்துல இருக்குற அப்துஸ் சலாம் மையம். பாகிஸ்தான் விஞ்ஞானி சலாம் 1964ல வளரும் நாட்டு மாணவங்களுக்குன்னே உருவாக்கினது, அவர் 1996ல காலமானதுக்கு அப்புறம் அவர் பேரையே வச்சாங்க. அங்க ஒரு வருஷ டிப்ளமோ, படிப்பு, தங்குறது, போக்குவரத்து எல்லாம் அவங்க செலவு, பிஎச்.டி.க்கு முன்னாடி அஸ்திவாரம் போடுறதுக்கு அருமையான இடம்.

அமெரிக்காவுல பி.எஸ். படிக்கிற நம்ம பிள்ளைங்க லீராய் ஆப்கர் விருதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த ஆப்கர் நினைவா, ஜீன் டிக்கி ஆப்கர் கொடுத்த நன்கொடையில 1978ல ஆரம்பிச்சது, அமெரிக்க இயற்பியல் கழகம் கொடுக்குது. டிகிரி படிக்கிறப்பவே செஞ்ச ஆராய்ச்சிக்கு, டிபார்ட்மென்ட்தான் பேரைப் பரிந்துரைக்கணும். ஜெயிச்சவரோட டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு தொகை போகும், அதனால ப்ரொஃபசர்கிட்ட கேக்கத் தயங்க வேணாம். அங்க இயற்பியல் மாணவர் சங்கத்துல உறுப்பினரா சேந்தா ஹெர்பர்ட் லீவி நினைவு உதவித்தொகை மாதிரி சிலதுக்குப் போட முடியும், லீவி உதவித்தொகையில பணத் தேவையையும் பாப்பாங்க. பிரிட்டன்ல பிஎச்.டி. பண்றவங்களுக்கு ஜோசலின் பெல் பர்னல் நிதி. அவங்க இருக்காங்க, அதனால நினைவுப் பரிசு கெடையாது, ஆனா சொல்லாம இருக்க முடியல: 1967ல மாணவியா இருந்தப்போ பல்சர்ங்கிற துடிக்கிற விண்மீனைக் கண்டாங்க, 1974 நோபல் அவங்க வழிகாட்டிக்குப் போச்சு, 2018ல வந்த 30 லட்சம் டாலர் பரிசை அப்படியே வாய்ப்பு கெடைக்காத மாணவங்களுக்காகக் கொடுத்துட்டாங்க.

எந்த நாட்டுக்குப் போட்டாலும் ஸ்காலர்ஷிப் "கெடைச்சிடுச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க"ன்னு யாராவது ஃபோன் பண்ணா வச்சிடுங்க.

படி 10: கெடைச்சதுக்கு அப்புறம்

பரிசளிப்பு விழாவுக்கு நேர்ல போங்க, வீட்ல இருக்குறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. நினைவுப் பரிசுக்கு அந்தக் குடும்பத்துல இருந்து யாராவது வந்து முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. ஒரு வாரத்துக்குள்ள ஒரு கடிதம் எழுதுங்க, பேரு, ஊரு, என்ன படிக்கிறீங்க, பணத்தை எதுக்கு வச்சுக்கிட்டீங்க, அடுத்து என்ன. டிபார்ட்மென்ட்ல கொடுத்தா சேத்துடுவாங்க. மூணு வருஷம் கழிச்சு பிஎச்.டி. சேந்ததும் இன்னொரு கடிதம் போடுங்க.

பயோடேட்டாவுல பரிசோட பேரை மட்டும் போட்டு விட்டுடாதீங்க, வெளியூர்ல இருக்குறவங்களுக்கு அது என்னன்னு தெரியாது. "இறுதியாண்டு ஒளியியல் தாளில் பல்கலைக்கழக அளவில் முதல் மதிப்பெண்ணுக்காக" அப்படின்னு பக்கத்துலயே எழுதுங்க.

உங்க வாத்தியார் பேர்ல பரிசு வைக்கணும்னு நினைக்கிற பழைய மாணவங்களுக்கு

இதைப் படிக்கிறவங்கள்ல வேலைக்குப் போயிட்டவங்களும் இருப்பீங்க, பேட்ச் குரூப்ல பேசி காசு சேக்குறது இப்போ கஷ்டமே இல்ல. பத்திரம் எழுதுறப்போதான் கவனம் வேணும். "ஒளியியல் தாளில் முதல் மதிப்பெண்"னு எழுதினா, சிலபஸ் மாறி அந்தப் பேப்பரோட பேரே போயிட்டா பரிசும் தூங்கிடும். அதனால "ஒளியியல் அல்லது அதற்கு இணையானதாகத் துறை முடிவு செய்யும் தாள்"னு எழுதுங்க. தகுதியானவங்க இல்லாத வருஷத்துப் பணம் முதல் தொகையோட சேரணும்னு ஒரு வரி, வட்டியில ஒரு பங்கை வருஷா வருஷம் முதலோட சேக்கணும்னு ஒரு வரி, அப்போதான் இன்னும் முப்பது வருஷம் கழிச்சும் அந்தப் பரிசுல ஒரு செமஸ்டர் ஃபீஸாவது கட்ட முடியும். மார்க்குக்கு மட்டும் வைக்காம லேப் வேலைக்கோ, பணத் தேவைக்கோ ஒண்ணு வைக்கலாமான்னும் யோசிங்க, மார்க்குக்கு ஏற்கெனவே நிறைய பரிசு இருக்கு. அறிவிப்பை ஒவ்வொரு வருஷமும் ஜூலைக்குள்ள நோட்டீஸ் போர்டுல போடணும், முதல் வருஷ கிளாஸ்ல வாசிக்கணும்னு பத்திரத்துலயே எழுதி, அதோட ஒரு காப்பியை டிபார்ட்மென்ட் லைப்ரரியில வைக்கச் சொல்லுங்க.